தரைவீட்டின் உட்புற வேலைகள்: எது முன், எது பின்?

சிங்கப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது: பழைய ஒற்றைமாடி வரிசை வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் மூன்று மாடி வீடு எழுப்பியிருக்கிறார்கள். கூரை போட்டாயிற்று, சுவர்கள் எழும்பிவிட்டன, வெளிப்பூச்சு நடந்துகொண்டிருக்கிறது. கட்டுமான ஒப்பந்தத்தில் உட்புற வேலைகளில் பெரும்பகுதி சேரவில்லை. அவற்றைத் தாங்களே தனித்தனி ஆட்களை வைத்து முடிக்க நினைக்கிறார்கள். எந்த வேலை முன், எது பின்? எதில் தாராளமாகச் செலவிடலாம், எதில் கையைச் சுருக்கலாம்? தை மாதத்தில் புதுமனை புகுவிழா வைக்க முடியுமா?

முதல் கேள்விக்குத்தான் அதிகமாகப் பதில் சொல்லப்போகிறேன். வரிசை சரியாக அமைந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

உட்புற வேலை என்றதும் பலரும் குடும்பத்தோடு பாலஸ்டியர் சாலைக்குக் கிளம்பி, விளக்குகளையும் குளியலறைச் சாமான்களையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நீங்கள் இன்று எடுக்கவேண்டிய முடிவு வேறு: ஒவ்வோர் அறையின் கான்கிரீட் தளத்துக்கும் மேலே என்ன வரப்போகிறது, அது எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? டைல்ஸா, மரமா, வினைலா என்பதைத் தளம் தளமாக எழுதி, தளத்தைச் சமன்படுத்தப் போடும் சிமெண்டுச் சாந்தான ஸ்கிரீட்டின் தடிமனையும் சேர்த்து, முடிந்த தரைமட்டம் எங்கே நிற்கும் என்பதை வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். டைல்ஸின் நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தடிமனை மாற்றினால் வீடு முழுவதும் அதன் விளைவு தெரியும்.

மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் படிகள் எல்லாம் 170 மி.மீ. உயரத்தில் சமமாக வார்க்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் ஸ்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 60 மி.மீ. ஏறுகின்றன, படிகளின் மேலோ 25 மி.மீ. மரப்பலகை மட்டுமே வருகிறது. அப்போது முதற்படி 135 மி.மீ.ஆகக் குறைந்துவிடும், கடைசிப்படி 205 மி.மீ.ஆக உயர்ந்துவிடும். இங்குள்ள கட்டட விதிகளின்படி படியின் உயரம் 175 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது, அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கிடையே 5 மி.மீ. வேறுபாடுவரைதான் ஏற்கப்படும். நல்ல கட்டுமானக்காரர் இந்தத் தடிமன்களைக் கேட்டுக் கணக்கிட்டுத்தான் படியை வார்த்திருப்பார். சிக்கல் எப்போது வருமென்றால், கூடத்துக்கு மரம் என்று முதலில் சொல்லிவிட்டு, கண்காட்சியில் பார்த்த பெரிய பளிங்குப் பலகைக்கு வீட்டுக்காரர் பிறகு மனம் மாறும்போதுதான். உங்கள் படிகள் எந்தத் தடிமனை நம்பி வார்க்கப்பட்டன என்பதைக் கட்டடக் கலைஞரிடம் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெருக்கடிக் காலத்தில் ஒதுங்குவதற்கென்று கட்டப்படும் வீட்டுப் பாதுகாப்பறையின் எஃகுக் கதவும் தரைமட்டத்தைப் பொறுத்ததே. அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கனமான கதவு. வெளியே தரை சற்று உயர்ந்துவிட்டாலும் அடியில் உரசும். அதைச் சீவிச் சரிசெய்ய முடியாது, கழற்றவும் அனுமதியில்லை. பால்கனியின் முடிந்த மட்டம் உள்ளறையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் பக்கவாட்டில் நகரும் கதவின் தண்டவாளத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

மட்டங்கள் முடிவானதும், முடிந்த தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில், லேசர் கருவியால் எல்லா அறைகளின் சுவர்களிலும் ஒரு கோடு போடச்சொல்லுங்கள். மின்பணியாளர், கதவு நிலை வைப்பவர், டைல்ஸ் பதிப்பவர், சமையலறை அலமாரி செய்பவர் எல்லாரும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். தனித்தனி ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வொருவரும் கரடுமுரடான தளத்திலிருந்து அளக்கத் தொடங்கினால், ஒரே சுவரில் சுவிட்சுகள் மூன்று உயரங்களில் நிற்கும்.

அடுத்தது, சுவருக்குள்ளும் ஜிப்சம் உட்கூரைக்கு மேலும் மறையப்போகிறவை. மின்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரும், குடிநீர், கழிவுநீர்க் குழாய் வேலைகளைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். எரிவாயுக் குழாய்க்கும் தனி உரிமம் உண்டு. இந்த மூன்றில் 'தெரிந்த பையன்' வேண்டாம். பல அறைகளுக்குக் குளிர்சாதனம், உடனடி நீர்ச்சூடேற்றிகள், மின்காருக்கு மின்னேற்றி, மின்தூக்கி எல்லாம் வேண்டுமென்றால், ஒருமுனை இணைப்பு போதுமா, மும்முனை இணைப்பு தேவையா என்பதை மின்பணியாளர் இப்போதே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி கட்டாயம், 2023 ஜூலை முதல் பழைய வீடுகளுக்கும் அந்த விதி நீட்டிக்கப்பட்டது. வீடு முழுவதற்கும் ஒரே கருவி வைப்பதே மலிவு. ஆனால் குளியலறைச் சூடேற்றியில் சிறு கசிவு ஏற்பட்டால், நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும். சுற்றுகளைப் பிரித்து, ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் வைக்கச்சொல்லுங்கள். அந்தக் கூடுதல் செலவு வீண்போகாது.

குளிர்சாதனத்தில் செப்புக்குழாயைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சொட்டுநீர்க் குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சில ஆண்டுகளில் கூரையில் பழுப்புநிற வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். அந்தக் குழாய்க்கு முழு நீளத்திலும் சரிவு இருக்க வேண்டும். அதைச் சுற்றியும் காப்புறை இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளே ஓடும் குளிர்ந்த நீரால் குழாயின் வெளிப்புறமே வியர்க்கும். ஜிப்சம் கூரைப் பலகையை அடிக்குமுன், ஒவ்வொரு குளிர்சாதனப் புள்ளியிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது மறுமுனையில் தடையின்றி வருகிறதா என்று நின்று பாருங்கள். மின்விசிறி வரும் இடங்களில் கொக்கி கான்கிரீட்டிலேயே பதிய வேண்டும். ஜிப்சம் பலகை அந்தக் கனத்தைத் தாங்காது. சுவர்களைப் பூசி மூடுமுன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஓர் ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

குளியலறைகளில் சற்று நிற்க வேண்டும். நான் பார்த்தவரை, புதுவீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையில் மட்டும் போதாது. சுவரில் குறைந்தது 150 மி.மீ. மேலேற வேண்டும், ஷவர் பகுதியில் 1.8 மீட்டர்வரை போக வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், சாந்தால் சற்று வளைத்துவிட்டே பூச வேண்டும். தளத்தை ஊடுருவிப்போகும் குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிதான் மிக நலிந்த இடம். அதைச் சுருங்காத சாந்தால் நிரப்பிய பிறகுதான் பூச்சைத் தொடங்க வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகுழியை அடைத்து, தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 24 மணிநேரம் விடுங்கள். மறுநாள் மேலே மட்டத்தைப் பார்த்தால் போதாது. கீழ்த்தளத்துக்குப் போய், இன்னும் மூடப்படாத கான்கிரீட்டின் அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். குழாயைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தால் பூச்சைத் திரும்பச் செய்யவேண்டும், பேச்சே வேண்டாம். இதனால்தான் மேல்தளக் குளியலறைச் சோதனை முடியும்வரை அதற்குக் கீழுள்ள கூரைப் பலகையை அடிக்க விடக்கூடாது என்கிறேன். சோதனை முடிந்தவுடன் தண்ணீரை வடித்துவிடுங்கள். கட்டுமானத் தளத்தில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகினால் தேசியச் சுற்றுப்புற வாரியம் சும்மா இருக்காது.

டைல்ஸைப் பொறுத்தவரை, விலையைவிடப் பதிக்கும் கைக்கே பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாத போர்சலின் ஓடு, நடுத்தர விலையிலேயே நன்றாகக் கிடைக்கிறது. அதன் அடியில் சாந்து முழுப்பரப்பிலும் பிடித்திருக்கிறதா, சுவரோரங்களில் விரிவுக்கு இடைவெளி விடப்பட்டிருக்கிறதா என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இடைவெளி இல்லாமல் சுவரோடு சுவர் இறுக்கிப் பதித்த தரை, நீண்ட மழைக்குப் பிறகு வெப்பம் இறங்கும் நாளில் நடுவில் கூடாரம்போல் எழும்பி உடைவதை இங்கே பல வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். பதித்துச் சில நாள் கழித்து, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப்பாருங்கள். உள்ளீடற்ற ஒலி வருகிறவற்றில் நாடா ஒட்டி, அவற்றை மாற்றச்சொல்லுங்கள்.

இனி, தை மாதத்துக்கு வருவோம். நம்மவர்கள் மார்கழியை விட்டுவிட்டுத் தையில் நாள் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஸ்கிரீட், பூச்சு, வண்ணம் ஆகிய ஈரவேலைகளின் கடைசிக் கட்டம் நவம்பர், டிசம்பரில் வந்து விழும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி தொடங்குவதும் அப்போதுதான். சாதாரண நாள்களிலேயே இங்கே காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும்; பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஸ்கிரீட் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் காயும் என்று புத்தகங்களில் போட்டிருப்பது வறண்ட காற்றுக்கான கணக்கு, 50 மி.மீ. ஸ்கிரீட் இங்கே மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேலும் இழுக்கும். காயாத தரையில் மரம் பதித்தால் பலகை ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். வினைல் ஒட்டினால் பசை விட்டுவிடும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் நாடாவால் தரையோடு ஒட்டி, ஒருநாள் கழித்துத் தூக்கிப்பாருங்கள். தாளின் அடியில் நீர்த்திவலை இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, தரை இன்னும் தயாராகவில்லை. தாள் காய்ந்திருந்தாலும், மரம் பதிக்குமுன் ஈரமானியால் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

சிமெண்டுப் பூச்சுக்கும் இதே பொறுமை வேண்டும். குறைந்தது நான்கு வாரம் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு கொடுத்த பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் உப்புப் பூத்து வண்ணம் உரியும். நிறத்தை உங்கள் வீட்டார் தேர்ந்தெடுக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. 2026 ஜனவரி முதல் இங்கே உட்புற வண்ணங்களில் ஃபார்மால்டிஹைடு தடைசெய்யப்பட்டுள்ளது. ஒட்டுப்பலகை அலமாரிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆகவே பலகை வாங்கும்போது குறைந்த வெளியீட்டுத் தரமா என்று கேட்டு, அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சமையலறைக்கு வருகிறேன். காட்சியறைகளில் திறந்த சமையலறை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் கடுகு தாளித்து, மீன் வறுக்கும் வீட்டில், கதவால் மூடக்கூடிய ஒரு சமையலிடம் பின்பக்கம் இருந்தே ஆகவேண்டும். புகையுறிஞ்சியின் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும். கரித்துண்டு வடிகட்டியில் காற்றைச் சுற்றவிட்டு உள்ளேயே திருப்பியனுப்பும் வகை நம் சமையலுக்கு ஈடுகொடுக்காது. மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸைப் பரிந்துரைப்பார்கள். அதில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைத்தால் நிறம் மாறும், மஞ்சள்கறையும் எளிதில் போகாது. அடர்நிறக் கருங்கல் போதும். சுவர் ஓடுகளின் இடுக்குகளில் சாதாரண சிமெண்டுக்குப் பதிலாக எப்பாக்சி நிரப்பினால், மஞ்சளும் எண்ணெயும் ஊறாது. இதைச் சமையலறை முழுவதும் செய்ய வேண்டியதில்லை, அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்குச் செய்தால் போதும். கீழ் அலமாரிகள் தரையில் நேரே உட்காராமல், செங்கல் அல்லது கான்கிரீட் மேடைமேல் உட்காரட்டும். கழுவிவிடும் பழக்கமுள்ள வீட்டில், ஒட்டுப்பலகையின் அடி முதலில் ஊறிப்போவது தரையைத் தொடும் இடத்தில்தான். மாவரைக்கும் கிரைண்டரைத் தினமும் தூக்கி இறக்க முடியாது. அதற்கு நிரந்தரமான ஓர் இடமும், பக்கத்திலேயே ஒரு மின்செருகியும் வேண்டும். ஒரு 13 ஆம்பியர் செருகி தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். மின்னடுப்பு, ஓவன் போன்றவற்றுக்குத் தனிச் சுற்று இழுத்துவிடச்சொல்லுங்கள்.

பூசை அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பறையையே பூசை அறையாக்கிவிடலாம் என்ற யோசனை பல வீடுகளில் வரும். விளக்கும் சாம்பிராணியும் ஏற்றுமளவுக்கு அங்கே காற்றோட்டம் இல்லை. அதன் சுவரில் ஓடு பதிக்க அனுமதியில்லை. ஆணி அடிப்பதற்கும், 10 மி.மீ. விட்டம், 50 மி.மீ. ஆழத்துக்கு மிகாத, பிளாஸ்டிக் செருகல் வைத்த துளை என்ற வரம்பு உண்டு. அதைச் சாமான் அறையாகவே விட்டுவிடுங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை உணரும் அபாயமணி கட்டாயம் என்பதால், பூசை அறை வாசலுக்கும் சமையலறை வாசலுக்கும் நேரே அது வராதபடி இடம் பார்த்துக்கொள்ளச்சொல்லுங்கள். விளக்கின் அடியில் வெள்ளைப் பளிங்கு வேண்டாம். ஒருமுறை ஊறிய எண்ணெய் பிறகு போகாது. காரைக்குடிப் பக்கமிருந்து செதுக்கிய கதவு வரவழைப்பதாக இருந்தால், வந்த கையோடு மாட்டாமல் சில வாரம் வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வையுங்கள். அங்குள்ள வறண்ட காற்றில் காய்ந்த மரம் இங்கே வந்து ஈரத்தை இழுத்து உப்பும். நிலையில் இடைவெளி விடாமல் பொருத்தினால் கதவு சாத்தாது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய், மின்கம்பி, டைல்ஸ் பதிக்கும் கூலி, அலமாரிகளின் கீல்களும் இழுப்பறைத் தண்டவாளங்களும், கரையான் தடுப்பு: இவற்றில் பேரம் பேசாதீர்கள். அலங்காரச் சுவர், கூரையில் மறைவிளக்கு, தொலைக்காட்சிக்குப் பின்னால் பளிங்குத் தோற்றப் பலகை ஆகியவற்றைக் குடியேறி ஓராண்டு கழித்துக்கூடச் செய்யலாம். பல வீடுகளில் அப்போது அவை தேவைப்படுவதும் இல்லை.

தளத்தில் டைல்ஸ் பதிப்பவர்களும் பூச்சு வேலை செய்பவர்களும் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். "தம்பி, அந்த சுவிட்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிடுங்கள்" என்று நேரே சொல்லிவிடுவது நமக்கு எளிது. அந்தத் தம்பியும் மரியாதைக்காகச் செய்துவிடுவார். ஆனால் வரைபடத்தில் அது மாறியிருக்காது. அலமாரி வந்து நிற்கும் நாளில் சுவிட்சு அதன் பின்னால் மறைந்துவிடும், பொறுப்பேற்க ஆளிருக்காது. எந்த மாற்றத்தையும் ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் கொடுத்து, விலையையும் எழுத்தில் வாங்குங்கள். வேலையாள்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எந்தச் சுவர் தூக்குநூலுக்கு நிற்கவில்லை, எந்த மூலை சதுரமில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பவே கொடுங்கள். முன்பணம் கேட்கும் உட்புற ஒப்பந்தக்காரரிடம், பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்று இருக்கிறதா, முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரை, இருதரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளிவரை, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். தனித்தனி ஒப்பந்தங்கள் போடும்போது அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையில் முடியுமா? டி.ஓ.பி. என்று எல்லாரும் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைக்காமல் குடியேற முடியாது. அதற்கான ஆய்வில் படிகள், கைப்பிடிகள், தடுப்புகள் போன்றவை பார்க்கப்படும்; அலமாரியும் திரைச்சீலையும் அதற்குத் தேவையில்லை. எனவே அந்த ஆய்வுக்கு வேண்டியவற்றை முதலில் முடித்து, தச்சுவேலையை அனுமதிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. வேலைநாள்களை எண்ணும்போது ஞாயிறையும் பொது விடுமுறையையும் கழித்துவிடுங்கள். குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களில் அந்நாள்களில் வேலைக்குத் தடை உண்டு. சீனப் புத்தாண்டும் தை மாதத்தை ஒட்டியே வரும். அதற்கு முந்தைய வாரங்களில் தச்சுப் பட்டறைகளில் வேலை குவிந்திருக்கும். பண்டிகையின்போது பட்டறைகளை ஒன்றிரண்டு வாரம் மூடிவிடுவார்கள். உங்கள் ஸ்கிரீட் அக்டோபர் முதல் வாரத்துக்குள் போடப்பட்டு, டி.ஓ.பி.யும் கைக்கு வந்திருந்தால், தையில் பால் காய்ச்சலாம். மரத்தரை வேண்டிய படுக்கையறைகளை மட்டும் அதற்குப் பிறகு முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் தவறினால் வைகாசியில் நாள் பாருங்கள். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு காயாத தரையில் மரம் பதிக்கச்சொல்லி எந்த ஒப்பந்தக்காரரையும் நெருக்காதீர்கள். அவர் பதித்துக் கொடுத்துவிடுவார், ஆனால் அவசரப்படுத்தியது நீங்கள்தான் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வார்.